எதிர்த்தரப்பு வக்கீலின் வீடு

பாப்பா உள்ளே போய்விட்டாள். போகும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நேராகப் போனாள். திரும்பாதே என்று சொல்லிக் கொடுத்ததும் நான், திரும்பவில்லையே என்று இப்போது அடித்துக்கொள்வதும் நான். போகட்டும். இனி அவர் கேட்பார், இவள் பதில் சொல்வாள். வக்கீல் சென்னியப்பன் கேட்பார், வசந்தாமணியின் மகள் பதில் சொல்வாள். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன், நாக்குக்கு நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன். வசந்தாமணி என்கிற நான் வெளியே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அவர் எனக்கு யார் என்று பாப்பாவுக்கும் தெரியாது. அவள் அனுப்பிய பயோடேட்டாவில் அப்பா பெயர்தான் இருக்கிறது, லாரியோடு போய்த் திரும்பாத மனுஷன் பெயர், அதை வைத்து என்னை யாரும் பிடிக்க முடியாது. அதோ குமாஸ்தா, பழனியப்பன், அன்றைக்குக் கோர்ட்டில் அவருக்குப் பின்னால் கேசுக் கட்டுகளைச் சுமந்துகொண்டு நின்றவன், தலை முழுக்க வெளுத்துவிட்டது. நான் நுழைந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன், தேவையே இல்லை, "உட்காருங்க அம்மிணி, ஃபேனுக்கு அடியில உட்காருங்க" என்கிறான், அவ்வளவுதான். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் தோற்றுப் போகிறார்கள், இவன் எத்தனை முகத்தை வைத்துக்கொள்வான். நான் ஒரே ஒரு முகத்தை வைத்திருக்கிறேன். பக்கத்தில் நம்பியூர்க்காரர் ஒருவர், வரப்புத் தகராறாம், துண்டால் விசிறிக்கொண்டே இருக்கிறார். "ஏனுங் குமாஸ்தா, எங்க கேசு எப்பத்தான் முடியுங்?" "உங்க பேரன் கண்ணாலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்தர்றோம்." "எனக்கு இன்னும் பையனுக்கே பொண்ணு அமையலீங்களே." "அப்ப நேரம் கிடக்குதுங்கல்ல, ஏன் பறக்கறீங்க?" இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன், சிரிக்காமல் இருந்தால் கவனிப்பார்களோ என்று. பழனியப்பன் என் பக்கம் திரும்புகிறான். "பாப்பாவோட அம்மாவுங்களா? இருங்க, ஐயா உங்களையும் கூப்பிடுவாரு." "என்னையுங்களா? எதுக்குங்க?" "பொம்பளப் புள்ளைகளச் சேர்த்தறதுன்னா பெத்தவங்க வாயால வாக்கு வாங்காம சேர்த்தமாட்டாரு. வேலை பழக்கி, கோர்ட்டுல நாலு பேரு அவிங்க மூஞ்சியைத் தெரிஞ்சுக்கற நேரத்துல, கண்ணாலம்னு பத்திரிகையை நீட்டீர்றாங்க. பட்டுப் பட்டு ஐயாவுக்குச் சலிச்சுப் போச்சு. இப்பெல்லாம் ஆத்தாளையோ அப்பனையோ நேருல உக்கார வெச்சுக் கேட்டாத்தான் ஆச்சு." யாரும் இதைச் சொல்லவில்லையே. பாப்பாவும் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியாதாக இருக்கும். எனக்கு வேண்டிய நேரத்தில், எனக்கு வேண்டிய விதத்தில் அவர் முன்னால் போய் நிற்பேன் என்று நினைத்துக்கொண்டல்லவா வந்தேன். மறுபடியும் அவர் கூப்பிட்டு நான் போய் நிற்கிறதா. மறுபடியும் அவர் கேள்வி, என் வாய்.

அன்றைக்கும் இப்படித்தான் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பெயரைக் கூப்பிட்டார்கள், ஏறினேன். என் அப்பா கட்டின வீடும் முன்னால் இருந்த கடையும், என் பங்கு வேண்டும் என்று அண்ணன் சின்னராசு மேல் போட்ட வழக்கு. பாப்பாவின் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வேறு என்ன வழி, இடுப்பில் பாப்பா, வாடகைக்கு ஒரு அறை. என் அப்பா காரியம் முடிந்த கையோடு பட்டா மாற்ற வேண்டும் என்று அண்ணன் கூட்டிப் போனான், பதிவு ஆபீஸில் கைகாட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அது என் பங்கை விட்டுக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம் என்று எனக்கு எப்படித் தெரியும். கூடப் பிறந்தவன் சொன்னால் படித்துப் பார்த்தா போடுவார்கள். சென்னியப்பன் எழுந்தார். கத்துவார் என்று எங்கள் வக்கீல் பயமுறுத்தியிருந்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை, ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா போட்டார். "எதுவரைக்கும் படிச்சீங்கம்மா?" "ஏழாவதுங்க." "தமிழ் நல்லாப் படிப்பீங்க?" "படிப்பனுங்க." அதில் ஒரு பெருமை வேறு எனக்கு, சத்தமாகச் சொன்னேன். "இந்தப் பத்திரம் தமிழ்லதான இருக்குது?" "ஆமாங்க." "ஆனா படிக்கலை." "அண்ணன் சொன்னாருன்னு போட்டனுங்க." "சரிங்கம்மா. போன வாய்தாவுல நீங்க ஒரு அபிடவிட்டு தாக்கல் பண்ணியிருக்கீங்க, இங்கிலீஷ்ல. உங்களுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டுனதா அடியில எழுதியிருக்குது. யார் படிச்சுக் காட்டுனாங்க?" எங்கள் வக்கீலைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடவுள் சாட்சியாகச் சொல்லுகிறேன் என்று இப்போதுதானே சொல்லி ஏறினேன், நாக்கில் அந்தச் சத்தியத்தின் ஈரம்கூடக் காயவில்லை. "யாரும் படிச்சுக் காட்டலீங்க" என்றேன். அப்போது அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். சிரித்தார் என்று சொல்ல முடியாது, வாய் சிரிக்கவில்லை. "தெரிஞ்ச பாஷையில இருந்ததைப் படிக்கலை. தெரியாத பாஷையில இருந்ததைக் கேக்கலை. ரெண்டுலயும் கையெழுத்து உங்களுது. ஒண்ணை நம்பக்கூடாது, ஒண்ணை நம்பணும்னு சொல்றீங்க. எதை நம்பட்டும், நீங்களே சொல்லுங்கம்மா." பின்னால் கறுப்புக் கோட்டுகள் சிரித்தன. ஒரு பெண் வக்கீல், இப்போதைய பாப்பா வயசுதான் இருக்கும், வாயைக் கையால் மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, தோள் குலுங்கியதை. அண்ணன் சிரிக்கவில்லை, குனிந்துகொண்டான், அவனுக்கு அந்த மட்டும் வெட்கம் இருந்தது. வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் என்னைத்தான் திட்டினார். "படிச்சுக் காட்டுனாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா உன்ற வாய் வெந்தா போயிரும்?" எந்த வக்கீலும் எந்தக் கட்சிக்காரருக்கும் முழுசாகப் படித்துக் காட்டுவதில்லையாம், ஊர் முழுக்க அப்படித்தானாம், சாட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் படித்துக் காட்டினார்கள் என்றுதான் சொல்வார்களாம். உண்மையைச் சொன்ன ஒரே பைத்தியம் நான். சென்னியப்பனுக்கும் அது தெரிந்திருக்கும். அவர் கட்சிக்காரர்களுக்கு மட்டும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுகிறாரா. தெரிந்தேதான் கேட்டார். அதனால்தான் ஆறவில்லை. வீடு போனது, கடை போனது, அதெல்லாம் ஆறிவிட்டது, அண்ணன்கூட ஆறிவிட்டான், போன ஆடியில் அவன் மருமகள் சீமந்தத்துக்குப் போய் வளையல் போட்டுவிட்டு வந்தேன். அவர் போட்ட அந்த அம்மா மட்டும் ஆறவில்லை. எதை நம்பட்டும், நீங்களே சொல்லுங்கம்மா. பாத்திரம் கழுவும்போது கேட்கும். மிஷினில் நைட்டி தைக்கும்போது ஊசி இறங்கி ஏறும் வேகத்துக்குக் கேட்கும். சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மா.

பாப்பா பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் என்றாள். லா என்றேன். அவளுக்கு ஆச்சரியம், இந்த அம்மாவுக்கு லா என்று ஒன்று இருப்பது எப்படித் தெரியும் என்று பார்த்தாள். அவளுக்கு வழக்கு நடந்தது தெரியும், தோற்றது தெரியும், கோர்ட்டு மரத்தடியில் பன்னைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது லேசாக ஞாபகம் இருக்கிறது என்பாள். எதிரில் நின்றது யார் என்று மட்டும் நான் சொன்னதில்லை, அந்த வக்கீல், அவ்வளவுதான், தீர்ப்பு நகலையும் அடுப்பில் போட்டுவிட்டேன். ஒரு நாள் கேட்டேன். "ஏம் பாப்பா, வக்கீலைக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்க முடியுமா?" "அவர் மேல யாராச்சும் கேசு போட்டா ஏத்தலாம். ஏன், யாரை ஏத்தோணும்?" "சும்மா கேட்டேன்." "உன்ற சும்மாவே பயமா இருக்குதும்மா" என்று சிரித்தாள். கல்லூரிக்கு வந்த ஒரு அம்மா, சென்னையில் பெரிய வக்கீலாம், இவள் பேசினதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து சேர்ந்துகொள் என்று சொன்னாளாம். மெட்ராஸ் வேண்டாம் என்றேன். உடம்பு முடியவில்லை, தனியாக இருக்கப் பயம், என்னென்னவோ சொன்னேன். பயம் என்றது பொய் இல்லை, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம், காஸ் மூடினேனா, பஸ் பிரேக் பிடிக்குமா, பாப்பாவுக்குத் தொண்டை கட்டிவிடுமா. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. "சேர்ந்தா சென்னியப்பன்கிட்டச் சேரு. சிவில்ல அவரை அடிச்சுக்க ஆளில்லையாமா" என்றேன். "உனக்கு யார் சொன்னா?" "துணி கொடுக்க வர்றவங்க பேசிக்குவாங்க." முகம் வாடினாள். பிறகு பிடிவாதம் வந்துவிட்டது, அவளுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது, என் ரத்தம். மெயில் அனுப்பினாள், அவர் மெயில் பார்ப்பதில்லை. நேரில் கொண்டுவந்தாள், ஐயா பார்ப்பார் போ என்று அனுப்பிவிட்டான் இந்தப் பழனியப்பன். மறுபடி வந்தாள். கடைசியில் ஒரு பழைய கேசுக் கட்டைக் கொடுத்து, படித்து ஒரே பக்கத்தில் எழுதி வா, எழுதினதைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பினாராம். அந்தக் கட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கேசாக இருக்குமோ. அவள் குளிக்கப் போனதும் நாடாவை அவிழ்த்துப் பார்த்தேன். யாரோ இரண்டு பங்காளிகள், கிணற்றுத் தண்ணீர் முறை. நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா, ஆத்திரம் வந்தது. வரப்போகிற பிள்ளைகளுக்குப் பாடமாகக் கொடுக்கக்கூட என் கேசு தேறவில்லையா. என்னை முடித்தது அவருக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லையா. அவள் வக்கீல் கவுனை நான்தான் தைத்தேன், கடையில் வாங்கலாம் என்றாள், விடவில்லை, தோளில் கொசுவம் பிடிக்கும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் அவரை ஒரு வார்த்தை திட்டினேன், என்ன வார்த்தைகள் எனக்குத் தெரிந்திருக்கின்றன என்று எனக்கே திகைப்பு. எதற்கு இவளை அவரிடமே கொண்டுவந்து விடுகிறேன், சில நாள் அது எனக்கே புரிவதில்லை. ஒரு கணக்கு இது. இவள் உள்ளே போவாள், அவர் பைலைத் தூக்குவாள், வாய்தா வாங்குவாள், அவர் எப்படித் தலையைச் சாய்க்கிறார், எந்த இடத்தில் அம்மா என்கிறார், எல்லாம் கற்றுக்கொள்வாள், பிறகு ஒரு நாள் எதிரில் போய் நின்று அவர் தோளுக்குப் பின்னால் எல்லாரும் சிரிக்கும்படி செய்வாள். இன்னொரு கணக்கு, இன்றைக்கே. அவர் சரி என்று சொல்லும் நேரத்தில் உள்ளே போய், நான் இன்னார், என் மகள் உங்கள் பையைத் தூக்கப் பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவது. ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறேன், மிஷினுக்கு முன்னால். முதல் கணக்குக்கு எத்தனை காலம் ஆகும், அதுவரை அவர் இருப்பாரா. இரண்டாவதைச் செய்தால் பாப்பா என்னோடு பேசுவாளா. மெட்ராஸும் போய் இதுவும் போய் வீட்டில் உட்காருவாள், என்னை ஒன்றும் கேட்கமாட்டாள், கேட்காமல் இருப்பாள், அதை என்னால் தாங்க முடியாது. அதெல்லாம் விடு. அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டால்? அவளை வெளியே அனுப்பிவிடுவார். தெரியாமலே போய்விட்டால்? அது அதைவிடக் கேவலம். "அம்மிணி, போங்க, ஐயா கூப்பிடறாரு." பழனியப்பன் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எழுந்துகொள்கிறேன். நம்பியூர்க்காரர் காலை மடக்கி வழி விடுகிறார்.

உள்ளே குளிராக இருக்கிறது. பாப்பா மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் ரத்தம் ஏறிச் சிவந்திருக்கிறது, நன்றாகப் பேசியிருக்கிறாள், எனக்குத் தெரியும். அவர் எங்கே. நாற்காலிக்குள் ஒரு கிழவர் இருக்கிறார். சட்டைக் கழுத்துக்குள் கழுத்து ஆடுகிறது, காதில் கருவி, கையில் தோல் மட்டும். நான் மனசில் வைத்திருந்த ஆள் இவ்வளவு சின்னவர் இல்லை. இத்தனை வருஷம் வளர்த்த கோபத்தை இந்த உடம்பில் எங்கே கொண்டுபோய் வைப்பது, இடமே போதாதே, அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது. "உட்காருங்கம்மா" என்கிறார். அதே அம்மா. குரல் கிழடு தட்டவில்லை. உட்காருகிறேன். "உங்க பொண்ணு நல்லா எழுதுது. ஒரு பக்கம்னா ஒரு பக்கம், வளவளன்னு இல்லை. வெச்சுக்கறேன். ஆனா ஒண்ணு. மூணு வருஷத்துக்குக் கண்ணாலப் பேச்சே எடுக்கக்கூடாது. எடுப்பீங்களா?" "எடுக்கமாட்டனுங்க." "அவங்க பெரியப்பா, மாமன் யாராச்சும் ஜாதகத்தைத் தூக்கிட்டு வந்தா?" "யார் வந்தாலும் திருப்பி அனுப்பீருவனுங்க." "சம்பளம்னு பெருசா ஒண்ணும் இருக்காது, ஆரம்பத்துல பையைத் தூக்கோணும், நின்னுக்கிட்டே இருக்கோணும், நான் திட்டுவேன்." "திட்டுங்க." பாப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். முடிந்துவிட்டது, எழுந்துவிடலாம், எழுந்துவிடு, அல்லது சொல்லிவிடு, இதுதான் இடம், அவர் சரி என்று சொல்லிவிட்டார், இப்போது சொன்னால்தான் வலிக்கும். வாயைத் திறக்கிறேன். அதற்குள் அவர் தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார். "உங்களை எங்கியோ பார்த்த மாதிரி இருக்குதே." பாப்பா சிரித்தபடியே இருக்கிறாள், மரியாதைக்கு. "எப்பவாச்சும் கோர்ட்டுக்கு வந்திருக்கீங்களாம்மா?" எவ்வளவு மெதுவாகக் கேட்கிறார். இந்தக் கண்ணுக்கு முன்னால்தான் உண்மையைச் சொன்னேன், உண்மையைத் தவிர வேறொன்றும் என் வாய்க்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. ஆமாம் என்று சொல்லலாம். ஆமாம், வந்திருக்கிறேன், நீங்கள்தான் கேட்டீர்கள் என்று சொல்லலாம், அவர் ஒரு நிமிஷம் யோசிப்பார், அப்படியா, எந்தக் கேசு என்பார், ஞாபகம் இல்லையே என்பார். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு நான் எங்கே போவேன். "இல்லீங்க" என்கிறேன். "கோர்ட்டுப் படியையே நான் மிதிச்சதில்லீங்க." சொன்னது என் குரல்தான், தடுமாறவில்லை. பார்க்கிறார். என் கண்ணைப் பார்க்கிறார், வாயைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், கையை மடியில் அசையாமல் வைத்திருக்கிறேன். தேடு. நன்றாகத் தேடு. ஊரிலேயே பெரிய வக்கீல், சாட்சியின் தொண்டையைப் பார்த்தே பொய்யைப் பிடிப்பார் என்று சொல்வார்கள், பிடி பார்க்கலாம். சாய்ந்த தலை நேராகிறது. நம்பிவிட்டார். எனக்கு உள்ளே சூடாக ஏறுகிறது, காது வரை ஏறுகிறது, எழுந்து நின்று சத்தம் போடலாம் போல இருக்கிறது. நான் சொன்ன பொய்யை முழுசாக விழுங்கிவிட்டார், என் ஏழாவது வகுப்புப் பொய்யை. "குடும்பத்துல ஒரு கேசு இல்லையா? குடுத்து வெச்சவங்க" என்று பாப்பா பக்கம் திரும்புகிறார். நானும் திரும்புகிறேன். அப்போதுதான் அவளை நினைத்தேன். அவளுக்குத்தான் தெரியுமே, மரத்தடி, பன், தோற்றது. சிரிப்பு அவள் உதட்டில் அப்படியே இருக்கிறது, கண் மட்டும் என் முகத்தில் நின்று, அவர் முகத்துக்குப் போய், மறுபடி என் முகத்துக்கு வருகிறது. கணக்கைக் கூட்டிவிட்டாள். நர்சிங் வேண்டாம் என்றது, மெட்ராஸ் வேண்டாம் என்றது, வக்கீலைக் கூண்டில் ஏற்ற முடியுமா என்றது, எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டாள். போச்சு. இப்போது எழுந்து என்னம்மா இது என்று கேட்பாள், கேட்க அவளுக்கு நியாயம் இருக்கிறது, அவள் வாழ்க்கையை எடுத்து என் ஆத்திரத்துக்கு உறை தைத்திருக்கிறேன். "கேசுக்கு நாங்க எங்க சார் போறது" என்கிறாள் பாப்பா. "அம்மாவுக்குக் கோர்ட்டுன்னாலே நடுக்கம். நான் லா சேர்றேன்னதுக்கு அவங்க அழுத அழுகை இருக்குதே, அக்கம்பக்கமே வந்துருச்சு. எங்க குடும்பத்துல கறுப்புக் கோட்டை இவ்வளவு கிட்டத்துல பார்க்கறதே இப்பத்தான்." அவர் சிரிக்கிறார், வாய் திறந்து, பல் தெரிய. "பழகீருங்கம்மா, பழகீருங்க. திங்கட்கிழமை வந்துரு கண்ணு" என்கிறார். நான் சொன்னது வெறும் பொய், ஒரு வரி. இவள் சொன்னதில் அழுகை இருந்தது, அக்கம்பக்கம் இருந்தது, எனக்கு அது தோன்றியிருக்காது. பாப்பா வாசல்வரை என்னோடு வருகிறாள். கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நடக்கிறேன். என் முழங்கையைப் பிடித்திருக்கிறாள், பிடி இறுகியிருக்கிறது. "நீ வீட்டுக்குப் போ. ஐயா பழைய கேசுக் கட்டு அலமாரியைக் காட்டறேன்னாரு, பார்த்துட்டு வர்றேன்." "பாப்பா, அது வந்து..." "இனி அதை நீ நினைக்கவே வேண்டாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்கிறாள், மெதுவாக, கேட்கிறவர்களுக்கு இதமாக இருக்கும் ஒரு குரலில். அந்தக் குரலை அவள் வீட்டில் பேசி நான் கேட்டதில்லை, கூண்டில் நின்றுதான் கேட்டிருக்கிறேன். என்ன பார்த்துக்கொள்வாள், எப்படி, எத்தனை காலம், ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி உள்ளே போகிறாள். படியில் நின்றுகொண்டு அந்தக் கிழவரை நினைக்கிறேன், காதுக் கருவியோடு நாற்காலியில் சாய்ந்து அவளுக்காகக் காத்திருப்பார். அவருக்காக எனக்குப் பயமாக இருக்கிறது. செருப்பைத் தேடாமல், அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.